சக்கரத்துச் சுண்ணாம்பு

பாறசாலை ரோட்டோரத்தில் என் மகன் கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். கடை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதற்குள் கால் வைத்தாலே என் பார்வை எல்லோருடைய கண்ணுக்கும் கைக்கும்தான் போகும். சக்கரத்தில் பிடித்த கறையை எடுக்க ஒரு கேன் நிறைய ஆசிட் வாங்கி வைத்திருக்கிறான், அதுதான் காரணம். நான் வருவதைக் கண்டால் அங்கே வேலை செய்கிறவர்கள் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையுறையைத் தேடுவார்கள். சக்கரத்தை நான் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஓடி வந்த சூடு ஆறாமல் கேனின் மூடியைத் திறக்க விடமாட்டேன். பக்கத்தில் ஓஸில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்னை அவர்கள் இன்ஸ்பெக்டர் என்று சொல்வதும் எனக்குத் தெரியும்.

"அம்மா, ஒங்களுக்கு வேற சோலி ஒண்ணும் இல்லியா? நாங்க பாத்துக்கிடுவோம்" என்பான் மகன்.

"மொதல்ல நீ கண்ணாடியப் போடு. பொறவு போறேன்" என்பேன்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது எல்லைப் போராட்டம் மூண்டிருந்தது. தமிழ் பேசுகிற ஊர்களை மலையாளச் சர்க்காரிடமிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடவே கூடாது என்று இன்னொரு கூட்டம். தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டாலே எங்கள் பக்கத்து வாலிபர்கள் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் பாய்வார்கள். நாங்கள் சந்தையில் மலையாளமும் சர்ச்சில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள். நீ எந்தப் பக்கம் என்று அதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை. இப்போது வெற்றிலை வாங்கப் போனாலும் கேட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பிளஷர் ஓட்டினார். வாடகைக்கு ஓடும் காருக்கு அன்றைக்கு அதுதான் பெயர். சொந்தக் கார். அதுதான் அவருக்கு மூத்த பெண்டாட்டி, நான் இளையவள் என்று ஊரே கேலி பேசும். அதில் பொய்யொன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்ததைவிடச் சக்கரத்து வெள்ளி மூடியில் தன் முகத்தைத்தான் அவர் அதிகம் பார்த்திருப்பார்.

ஒரு நாள் தனுவச்சபுரத்தில் சவாரியை இறக்கிவிட்டு வந்தவர், காரை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏட்டி, போராட்டக்காரனுவ ரோட்டுல சுண்ணாம்பு கலக்கி எழுதிப் போட்டிருக்கானுவ. ஈரம் காயல. பாக்காம மேல ஏறி வந்துட்டேன். போலீசு கண்டா எழுதுனவனுவள நாந்தான் கொண்டு எறக்குனேன்னு சொல்லுவானுவ."

போய்ப் பார்த்தேன். நாலு சக்கரமும் வெளுத்துக் கிடந்தன. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நோட்டீஸ் கொண்டுபோனார் என்று சொல்லி வேறொரு பிளஷர் டிரைவரை முந்தின வாரம் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் விரல்கள் மடங்கவில்லை. விரல் மடங்காதவன் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பான்?

தேங்காய்ச் சகிரியை வைத்துத் தேய்த்தும் அந்தச் சுண்ணாம்பு போகவில்லை, பசை கலந்திருப்பார்கள் போல. அப்போதுதான் அவருக்கு ரப்பர் ஆசிட் நினைவு வந்தது. என் அப்பாவுக்கு ஆரியங்கோட்டில் ரப்பர் உண்டு. எங்கள் தோட்டத்திலும் கொஞ்சம் மரம் நின்றது. ரப்பர் பாலை உறைய வைக்கிற அந்த ஆசிட் எப்போதும் வீட்டை ஒட்டிய எங்கள் சாய்ப்பில் ஒரு குப்பி இருக்கும். நிறையத் தண்ணீரில் துளி விட்டுக் கலக்கித்தான் பாலில் ஊற்றுவோம்.

"வெள்ளம் சேத்து எடுங்க" என்றேன்.

"வெள்ளம் சேத்தா நேரமாவும். அதுக்குள்ள ஜீப்பு வந்துரும்" என்றார்.

முழங்கை வரைக்கும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டார். ஆசிட் எடுக்கிறவர்கள் கையில் எண்ணெய் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். எண்ணெய் பூசிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கண்ணுக்கு என்ன பூசுவது என்று யாரும் யோசித்ததில்லை.

முன் சக்கரம் இரண்டும் பளிச்சென்று வந்துவிட்டன. அந்த மிதப்பில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக் குனிந்து, குப்பியை அப்படியே சாய்த்தார். சக்கரம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. சுண்ணாம்பு சீறிக்கொண்டு பொங்கி அவர் முகத்தில் தெறித்தது. அவர் அலறினார். அலறிக்கொண்டே, ஆசிட்டும் எண்ணெயுமாக இருந்த அதே கையால் கண்ணைக் கசக்கினார்.

குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு அவரைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனேன். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"மக்கா, பிள்ளைக்க பாலக் கொஞ்சம் பீச்சி விடு. கண்ணுக்குத் தாய்ப்பாலாக்கும் நல்லது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் அதையே சொன்னார்கள். கண்ணில் என்ன வந்தாலும் எங்கள் ஊரில் அதுதான் மருந்து.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "அவருக்க கண்ணு வேவுது! பாலும் மயிரும்! வெள்ளம் கோரித் தாங்க!" என்று கத்தினேன். அப்பா ரப்பர் பால் உறைய வைக்கிற புரையில் ஒருவர் முகத்தில் ஆசிட் பட்டபோது, அப்பா அவர் தலையைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கியதைப் பார்த்திருக்கிறேன். அது ஒன்றுதான் என் நினைவில் நின்றது. கை கடுக்கும்வரை ஊற்றினேன். பிறகு அந்தப் பெண்களே மாறி மாறிக் கோரி ஊற்றினார்கள். இடது கண்ணைக் கொஞ்சம் திறந்தார். வலது கண் திறக்கவே இல்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே காரை ஓட்ட வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலில் வந்த வண்டி போலீஸ் ஜீப். வேறு நாளாக இருந்தால் நானும் மரச்சீனிக்குள் ஒளிந்திருப்பேன். அன்று கையை நீட்டி மறித்தேன்.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். "எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்று என மலையாளத்தில் கேட்டார். ஆசிட் தெறித்துவிட்டது என்றேன். ஆசிட்டை வைத்து என்ன செய்தார் என்று அவர் கேட்பார், என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் கேட்கவில்லை. "கேறு, வேகம் கேறு" என்று அவரே என் வீட்டுக்காரரைத் தாங்கி ஏற்றினார்.

ஏறுவதற்குக் காலைத் தூக்கியபோது கீழே பார்த்தேன். ஜீப்பின் சக்கரம் வெள்ளையாக இருந்தது. முன்சக்கரத்தைப் பார்த்தேன், அதுவும் வெள்ளை. அவர்களும் அந்த ரோட்டில்தானே வந்திருக்கிறார்கள்! அன்றைக்கு அந்த வழியாக வந்த மாட்டு வண்டிக்குக்கூட வெள்ளைச் சக்கரமாகத்தான் இருந்திருக்கும்.

ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தவர், என் காதுக்குள் கேட்டார். "வீலப் பாத்தானுவளா?"

"பாக்கல. சும்மா கெடங்க" என்றேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தண்ணீர் ஊற்றியதால் இடது கண் தப்பியது என்று டாக்டர் சொன்னார். வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அதன்பிறகு அவர் கார் ஓட்டவில்லை. மூத்த பெண்டாட்டியை விற்றுவிட்டு வீட்டு முன்னாலேயே பஞ்சர் கடை போட்டார். எல்லைக் கோடும் போட்டார்கள், எங்கள் ஊர் கேரளத்திலேயே இருந்துவிட்டது.

கடைக்கு வருகிறவர்கள் கண்ணைப் பற்றிக் கேட்டால் அவர் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்: "ஒரு கண்ணு போச்சு. ஆனா அண்ணைக்கு அந்தச் சுண்ணாம்ப நான் கழுவல்லண்ணா போலீசு என்னக் கொன்னிருக்கும். வேணும்னா இவகிட்டக் கேளுங்க."

அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆமா, உள்ளதாக்கும்" என்று சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.