பின்னால் வருகிற வீட்டுக்காரர்

தனியாகச் சைக்கிளில் கிளம்பும்போதெல்லாம் எனக்கு ஒரு கணவர் முளைத்துவிடுவார். காரில் பின்னால் வந்துகொண்டே இருப்பார். பெட்ரோல் நிலையத்திலோ சாலையோரக் கடையிலோ யாராவது "தனியாவா வாரீங்க?" என்று கேட்டால், "இல்லையே, வீட்டுக்காரர் பின்னால வாராரு" என்று கூசாமல் சொல்வேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தேழு வயதில் இனிமேல் ஆகிற உத்தேசமும் இல்லை.

நான் ஒரு சந்தேகப் பிராணி. முன்பின் தெரியாதவர் தேத்தண்ணீர் கொடுத்தால், அவர் முதல் வாய் குடிக்கும்வரை காத்திருப்பேன். சைக்கிள் கைப்பிடிப் பையில் மிளகாய்த்தூள் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். போதாததற்குச் சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். போனை எடுத்தால் வங்கிக்காரர்கள் "சார்" என்பார்கள். பள்ளியில் பாட்டுக் குழுவிலிருந்து என்னை நீக்கிய குரல் அது. அதன் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே மிதித்து வந்ததில் அது மூன்றாவது நாள். காலையில் கோலகங்சாரில் கிளம்பி ஈப்போவில் தங்கி, மறுநாள் லூமுட்டில் கடலைப் பார்ப்பதாகத் திட்டம். சுங்கை சிப்புட்டில் ரொட்டி சானாய் சாப்பிட்டபோது பக்கத்து மேசையிலிருந்த மோட்டார் சைக்கிள்காரர் என் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பியதும் அவரும் கிளம்பினார். நான் மெதுவாகப் போனால் அவரும் மெதுவாக வருகிற மாதிரி தெரிந்தது. நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்துகொண்டு, சட்டென்று இடப்பக்கம் இருந்த ஒரு பழைய தோட்டத்துப் பாதையில் திரும்பிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய்விட்டார். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்தப் பாதை சுற்றிக்கொண்டு போய் மறுபடி பெரிய ரோட்டைத் தொடும் என்று போன் காட்டியது. ஒரு காலத்தில் ரப்பர் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்ச் செம்பனை. நாலு கிலோமீட்டர் போவதற்குள் வானம் உடைந்து கொட்டியது. கண்ணில் பட்ட முதல் கூரையை நோக்கி மிதித்தேன். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகள், ஒரே வரிசையில் ஏழெட்டு. கடைசி வீட்டைத் தவிர மற்றவற்றுக்குக் கதவே இல்லை.

அந்தக் கடைசி வீட்டு வாசலில் அறுபது வயதிருக்கும் ஓர் அக்கா நின்றிருந்தார். "வாம்மா, நனையாத, உள்ளார தள்ளிட்டு வா" என்று தகரக் கூரையைக் காட்டினார்.

நான் மூச்சு வாங்கியபடியே, "என் வீட்டுக்காரர் பின்னால கார்ல வாராரு" என்றேன்.

"அப்படியா? என் வீட்டுக்காரரும் உள்ள தூங்குறாரு. நீ இங்கயே உக்காரு."

வாசற்படியில் ஒரு ஜோடி பெரிய ரப்பர் பூட்ஸ் இருந்தது. ஆம்பளை பூட்ஸ். உள்ளே ரேடியோ பாடியது. தூங்குகிற மனிதருக்கு எதற்கு ரேடியோ? பகல் ரெண்டு மணிக்கு அப்படி என்ன தூக்கம்? குடிகாரரோ? கதவை ஏன் ஒருச்சாய்த்து வைத்திருக்கிறார்? மிளகாய்த்தூள் டப்பாவைப் பையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா ரெண்டு குவளையில் பால் விடாத தே-ஓ கொண்டுவந்தார். நான் குவளையைக் கையில் வைத்துச் சூடு ஆற்றுவது போல் ஊதிக்கொண்டே இருந்தேன். அவர் குடித்த பிறகு குடித்தேன்.

அரை மணி நேரம் ஆகியும் உள்ளே ஒரு புரளல், ஓர் இருமல் இல்லை. அக்கா ஒழுகுகிற இடத்துக்கு வாளி எடுக்கப் போனபோது குனிந்து பூட்ஸைப் பார்த்தேன். ஊரே நனைந்து கிடக்கிறது, இதில் ஒரு பொட்டு சேறு இல்லை. உள்ளே சிலந்தி கூடு கட்டி, அந்தக் கூட்டிலும் தூசி படிந்திருந்தது.

அப்படியென்றால் உள்ளே இருப்பவர் யார்? கைகால் கழுவ வேண்டும் என்று கேட்டேன். "பின்பக்கமா போ, குழாய் இருக்கு" என்றார். பின்பக்கம் அடுப்படிக் கதவு திறந்திருந்தது. செய்யக் கூடாததுதான், எட்டிப் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு பல்துலக்கி. திரைக்குப் பின்னால் ஒற்றைக் கட்டில். மடித்து வைத்த போர்வை. மாலை போட்ட ஓர் ஆம்பளைப் படம். யாரும் இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைப் போலவே அவரும் ஒரு புருஷனை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். என் பொய் ரோட்டில் ஓடுகிறது, அவருடையது வீட்டுக்குள் படுத்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்போதுதான் முன்பக்கம் லோரிச் சத்தம் கேட்டது. ரெண்டு ஆம்பளைக் குரல்.

"அக்கா, பழைய இரும்பு, பேட்டரி ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"சைக்கிள் யாருது?"

"வீட்டுக்காரரோடது."

"அண்ணே எங்க?"

"உள்ள தூங்குறாரு."

ஒருவன் சிரித்தான். "போன தடவ வந்தப்பவும் தூங்குறாருன்னுதானே சொன்னீங்க? அதுக்கு முந்தியும் அப்படித்தான். நல்ல தூக்கம்லா!"

செருப்புச் சத்தம் வாசற்படியில் ஏறியது. அடுப்படிக்குள் நுழைந்து, அங்கிருந்த நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்தேன். வயிற்றிலிருந்து ஒரு இருமல் இருமினேன். வங்கிக்காரர்கள் "சார்" என்கிற அந்தக் குரலில், "யாருலா அது, தூங்க விடாம?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. இரும்பு கேட்டு வந்தோம். வாரோம்ணே."

லோரி போகிறவரை திரைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றேன். அவர்கள் வெறும் இரும்பு வியாபாரிகளாகவே இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டுக் குழுவில் சேர்க்காத குரல், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலைக்கு ஆனது.

அக்கா அடுப்படிக்கு வந்து என்னைப் பார்த்தார். எட்டிப் பார்த்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவரு தவறி அஞ்சு வருசம் ஆச்சு" என்றார். "பூட்ஸு மட்டும்தான் இன்னும் காவலுக்கு நிக்குது."

"டவுனுக்குப் போயிரலாமே அக்கா?"

"எங்க போவ? தோட்டத்த வித்தவங்க மாத்து வீடு தாரேன்னாங்க. எல்லாரும் காத்திருந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. நானும் காலி பண்ணிட்டா, யாரும் இல்லன்னு லிஸ்ட்டுல இருந்து பேர அடிச்சிருவானுங்க."

மழை விட்டது. கிளம்பும் முன் மனசு கேட்கவில்லை. "அக்கா, பூட்ஸ் காஞ்சு கிடக்கு. உள்ள சிலந்தி. நானே கண்டுபிடிச்சிட்டேன், அவனுங்களுக்குத் தெரியாதா?" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

பிறகு நானே பூட்ஸைத் தட்டி உதறி மாட்டிக்கொண்டேன். என் கால் அதில் நீந்தியது. ரோட்டோரம் வரை புல் மேலேயே போய், அங்கிருந்து சேற்றில் அழுத்தி அழுத்தி, ஆம்பளை மாதிரி காலை அகட்டி வீட்டுக்கு நடந்து வந்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சேற்றோடு பூட்ஸைப் படியில் கழற்றி வைத்தேன்.

சைக்கிளில் ஏறும்போது அக்கா கேட்டார்: "உன் வீட்டுக்காரரு கார்ல வந்தா, நீ முன்னால போயிட்டேன்னு சொல்லவா?"

அவர் கண்ணில் குறும்பு தெரிந்தது. "சொல்லுங்கக்கா" என்றேன்.

வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். ரோட்டிலிருந்து வாசல்வரை ஓர் ஆண் நடந்து போன தடம் தெளிவாக இருந்தது. உள்ளே போன தடம் மட்டும், வெளியே வந்த தடம் இல்லை. அடுத்த மழைவரை தாங்கும் என்று நினைத்தேன். ஈப்போ பக்கம் வானம் மறுபடி கறுத்திருந்தது.