ஒரு வாரம் செஞ்சு பாருங்களேன்

வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே “முடியாது” என்று சொல்வது எங்கள் கரிசல் பக்கம் பெரிய பாவம்; என் பிழைப்போ அந்த “முடியாது” என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வருவது. காப்பீட்டு முகவர்களே, கணக்கெடுப்புக்கு அலையும் ஆசிரியைகளே, உங்களுக்குப் புரியும். ஒரு ஊட்டச்சத்துத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் முன், அதில் சொன்னதெல்லாம் வீட்டில் நடக்கிற காரியம்தானா என்று சில வீடுகளில் சோதித்துப் பார்ப்பது என் வேலை. “ஒரு வாரம் செஞ்சு பாருங்களேன்” என்று சொல்லிவிட்டு வருவேன். அடுத்த வாரம் போய், முடிந்ததா, முடியவில்லை என்றால் ஏன் என்று கேட்பேன்.

கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ் போகும் ஒரு ஊரில் மாரிச்செல்வி வீடு. தீப்பெட்டி ஆபீசில் (ஆலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்) வேலை. காலையில் வேன் ஏறினால் இருட்டித்தான் வருவாள். புருஷன் கந்தசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு வயது மகன் கவினைப் பகலில் பார்த்துக்கொள்வது, பக்கத்து வீட்டில் இருக்கும் கந்தசாமியின் அக்கா ராஜகனி. பையனுக்கு எடை ஏறவே இல்லை. “இந்த மாசமும் இப்பிடியே நின்னா நீ வேலைய விட்டு நின்னுக்கோ” என்று ராஜகனி சொல்லிவிட்டார். “வேன்ல ஜன்னலோரம் உக்காந்து போற நேரந்தான்க்கா எனக்குன்னு இருக்குது” என்றாள் மாரிச்செல்வி என்னிடம். அதனால்தான் அந்த வீட்டில் மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகவே மூக்கை நுழைத்தேன்.

முட்டை

வீட்டில் கோழி இருந்தது. பையனுக்குத் தினம் ஒரு முட்டை அவித்துக் கொடுக்க முடியுமா என்றேன். “அதுக்கென்ன, குடுத்துருவோம்” என்றார் ராஜகனி. இவ்வளவு சுலபமாக ஒரு வேலை முடிந்ததே என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் நான் செருப்பைக் கழற்றும் முன்பே தட்டு வந்துவிட்டது. அதில் அவித்த முட்டைகள், மேலே மிளகுப்பொடி. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்தவை. ஆபீசிலிருந்து வந்திருக்கிற அம்மாவுக்கு, அதாவது எனக்கு, வெறும் டீயைக் கொடுத்தால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள், தின்றால் என் சோதனை பாழ். தின்றேன். முழுங்கிக்கொண்டே, பிள்ளைக்கு எங்கே என்று கேட்டேன். ராஜகனி என்னைச் சமாதானப்படுத்தினார்:

“பிள்ளைக்கென்னம்மா, கோழி நாளைக்கும் போடும். நீங்க நாளைக்கு வருவியளா?”

களி

சரி, விருந்தாளிக்கு வைக்க முடியாத பண்டமாகச் சொல்வோம் என்று உளுந்தங்களியைப் பிடித்தேன். உளுந்து மாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய். பிள்ளைக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது. மாரிச்செல்வி விடிகாலையிலேயே கிண்டி வைத்துவிட்டு வேன் ஏறினாள். இந்தத் தடவை பையனுக்கே போயிற்று. நான்தான் ஒன்றை மறந்துபோனேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் தொடர்ந்து உளுந்தங்களி மணத்தால், அங்கே ஒரு பெண் பிள்ளை சடங்காகியிருக்கிறது என்று அர்த்தம். நானே அப்படிக் களி தின்று வளர்ந்தவள்தான், புத்திக்கு எட்டவில்லை.

தெருப் பெண்கள் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் பச்சை முட்டையுமாக விசாரிக்க வந்துவிட்டார்கள். “பொட்டப்பிள்ளையே இல்லாத வீட்டுல யாரு சடங்கானது?” என்று ஆளுக்கொரு கதை. சேதி மாரிச்செல்வி பிறந்த குளத்தூர் வரை போய், சீர் செய்ய வேண்டிய தாய்மாமன், அவள் தம்பி, போன் போட்டுவிட்டான்:

“யக்கா, ஒங்க வீட்ல சடங்காமே. இருக்கது கவின் ஒருத்தன்தான? நான் இப்பம் சேலை எடுக்கவா, வேட்டி எடுக்கவா?”

பாட்டு

களி அத்தோடு நின்றது. விஷயம் எங்கள் மேலாளர் காதுக்குப் போக, அவரே கிளம்பி வந்தார். பண்டத்தில் கோளாறு இல்லை, ஊட்டும் முறையில்தான் கோளாறு என்றார். பொறுமையாக, பேச்சுக் கொடுத்து, பாட்டுப் பாடி ஊட்ட வேண்டுமாம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பருப்புச் சோற்றோடு உட்கார்ந்தார். குரல் சுமார்தான். ஆனாலும் கவின் கைதட்டினான், சிரித்தான், அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். வாயை மட்டும் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை திறந்து, வாங்கியதை அவர் சட்டைப் பையில் துப்பினான். வியர்வையில் நனைந்துபோன மனுஷனுக்கு ராஜகனி தண்ணீர்ச் செம்பை நீட்டினார்:

“பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு சார். மிச்சச் சோத்தை நீங்களே தின்னுருங்க, பாவம், களைச்சுப்போய்ட்டீய.”

வைப்பர்

பையன் எப்போது பசியோடு இருக்கிறான் என்று ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சாயங்காலம். ஆனால் அப்போது ராஜகனி ஆட்டைப் பத்திவரப் போய்விடுவார். மாரிச்செல்வி வருவதற்குள் பையன் தூங்கிவிடுவான். அந்த நேரம் வீட்டில் சும்மா இருப்பது கந்தசாமி. “நீங்க ஊட்ட முடியுமா அண்ணாச்சி?” என்றேன். “முடியாது மேடம். டீக்கடையில கேலி பண்ணியே கொன்னுருவானுவ” என்றார். அந்த ஊரில் நான் கேட்ட முதல் “முடியாது”! எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அன்று இரவு மாரிச்செல்வி, “வண்டியத் தொடைக்கத் தெரியுதுல்ல, பிள்ளை வாயைத் தொடைக்கத் தெரியாதோ?” என்று ஒரு பிடி பிடித்த பிறகு மனுஷன் இறங்கி வந்தார்.

யார் கண்ணிலும் படாமலிருக்க, நிறுத்தியிருந்த லோடு ஆட்டோவுக்குள் பையனை மடியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். கை தவறிப் பட்டு, முன்கண்ணாடி வைப்பர் ஓடியது. கவின் அதையே பார்த்து ஆவென்று வாயைப் பிளந்தான். ஒரு உருண்டை உள்ளே போயிற்று. வைப்பர் இந்தப் பக்கம் வர ஒரு வாய், அந்தப் பக்கம் போக ஒரு வாய். கிண்ணம் காலி. தினமும் இதே கூத்துத்தான். ஒளிந்து செய்த காரியம் ஊருக்கே தெரிந்தது. மழைக்கு ஏங்கும் மானம் பார்த்த பூமியில், சுள்ளென்று வெயில் அடிக்கும்போது ஒரு வண்டியில் வைப்பர் ஓடினால் சும்மா விடுவார்களா? டீக்கடையிலிருந்து ஒரு விவசாயச் சம்சாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்:

“ஏலே கந்தசாமி, மழை எங்கனலே பெய்யுது? முன்கூட்டியே சொல்லப்பிடாதா, வத்தல் களத்துல காயுது!”

எடை

மாசக் கடைசியில் எடை பார்த்தோம். மாரிச்செல்வி லீவு போட்டுவிட்டு வந்து, தராசைப் பார்க்க பயந்து சுவரைப் பார்த்து நின்றாள். முள் ஏறியிருந்தது. ராஜகனி நம்பவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார், பிறகு அரைஞாண் கொடியைக் கழற்றச் சொன்னார். அப்போதும் ஏறித்தான் இருந்தது. மாரிச்செல்வி அழுதாள்; எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். அந்த நேரம் கந்தசாமிக்கு ஒரு போன். மணியாச்சிக்குச் சாயங்கால லோடு. “அஞ்சு மணிக்கு மேல வண்டி வராதுய்யா, எம் பிள்ளை சாப்புடுத நேரம்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வைத்தார். ராஜகனி தலையில் கைவைத்துக்கொண்டார்:

“பிள்ளை எளைக்குதுன்னு அவள வேலைய நிறுத்தச் சொன்னேன். இப்பம் பிள்ளை தேறுதுன்னு இவன் லோடை நிறுத்துதான். போட்டும், அவ வேன்ல போய்ட்டு வரட்டும்.”

இதை அப்படியே அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். லோடு ஆட்டோ இல்லாத வீடுகளில் என்ன செய்வது என்று மேலாளர் கேட்டிருக்கிறார். ஊட்டச்சத்துப் பட்டம் வாங்கிய நான் இப்போது வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன்.