ஒராள் படுக்கும் வான்

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு தென் லண்டனில் மிச்சம் என்ற நிறுத்தத்தில் ட்ராம் ஏறினேன். கட்டணம் ஒரு பவுண்ட் எழுபத்தைந்து. எனக்கு அறுபத்தொரு வயது, இலவச அட்டை இருக்கிறது. சட்டைப் பையில் அளவு நாடாவும் இரண்டு விலாசமும். உள்ளே சமைத்துப் படுத்து ஊர் சுற்றக்கூடிய பழைய வான் ஒன்று வாங்க வேண்டும்.

லண்டனில் முப்பது வருசம் பேக்கரி வேலை. வெளியூர் என்று போனது மான்செஸ்டரில் ஒரு கலியாணம், பேர்மிங்ஹாமில் இரண்டு செத்தவீடு. இந்த நாட்டின் வடக்கு முனை என் வீட்டிலிருந்து ஏறத்தாழ எழுநூறு மைல். பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு அங்கே போவோம் என்று நானும் மனைவி செல்வியும் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்று வருசத்துக்கு முன் மூத்தவளின் பிள்ளைப்பேறு பார்க்க, ஆறு மாதம் என்று சொல்லிக் கனடா போனாள். இன்னும் அங்கேதான். வான் ஒராளுக்கா, இரண்டு பேருக்கா என்று முடிவில்லாமல்தான் புறப்பட்டேன்.

9.20, வால்தம்ஸ்டோ. விம்பிள்டனிலும் வோக்சோலிலும் மாறி வந்தேன். விற்பவர் தமிழ்நாட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். வண்டி அவர் வாசலையும் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து மறைத்து நின்றது. நீளம் ஏழு மீற்றர் இருபது. விலை இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு பவுண்ட். பின்னால் இரட்டைக் கட்டில், குளியலறை, நாலு அடுப்பு.

"எத்தனை பேருங்கண்ணே?"

"இரண்டு பேர்."

"அண்ணி பாக்க வரலையா?"

"கனடாவிலை நிக்கிறா."

"எப்ப வர்றாங்க?"

நான் கட்டிலை அளந்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒத்த ஆளா இத எடுத்தீங்கன்னா, கல்யாண மண்டபத்தப் புடிச்சுத் தனியா உக்காந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

"ஓம்."

"தெரியுதுல்ல, அப்புறம் ஏன் அளக்குறீங்க?"

கதவடியில் நிறைத் தகடு இருந்தது. 3,850 கிலோ. என் லைசன்ஸ் 2001இல் எடுத்தது, 3,500 வரைதான் ஓடலாம். 97க்கு முன் எடுத்தவர்களுக்குத்தான் அதற்கு மேல். வாங்கப் போகிறவர்கள் முதலில் தகட்டைப் பாருங்கள். நான் கட்டிலைத்தான் முதலில் பார்த்தேன்.

11.50, ரெய்னர்ஸ் லேன். கிங்ஸ் குரோசில் ரெயில் மாறினேன். இங்கே விற்பவர் ஜெசிந்தா. யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரியில் தாதி, ஐம்பது வயது. நாலு வருசம் தனியே சுற்றியவர். முழங்காலில் ஒபரேசன், ஏறி இறங்க ஏலாமல் விற்கிறார். வான் ஐந்து மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் 1.98, கார்ப் பார்க் வாசலில் உயரம் தடுக்கும் கம்பிக்குக் கீழே போகும். ஒரு அடுப்பு, ஒரு கட்டில். பதினோராயிரத்து நானூறு.

"கக்கூஸ்?" என்று கேட்டேன்.

"கட்டிலுக்குக் கீழை பெட்டி. தனியப் போறவைக்கு ஆரோடை வெக்கம்? படுத்துப் பாருங்கோ அண்ணை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு."

படுத்தேன். வீட்டில் இன்னும் சுவர்ப் பக்கம்தான் படுக்கிறேன். மற்றப் பக்கம் விரித்தபடி கிடக்கிறது. இங்கே இரண்டு பக்கமும் சுவர். தோள் இரண்டும் முட்டின. நித்திரை வரும்போல இருந்தது. எழும்பிவிட்டேன்.

1.30. ரொறன்ரோவில் காலை எட்டரை. போனில் செல்விக்கு வானைக் காட்டினேன், காலையில் பார்த்த பெரியதையும் சொன்னேன். மடியில் பேரப்பிள்ளை.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை நான் எங்கை படுக்கிறது?"

"நீர் எப்ப வாறீர்?"

பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பிறகு சொன்னாள். "சின்னவளுக்கும் ஐப்பசியிலை பிள்ளை. நேற்றுத்தான் சொன்னவள்."

"நல்லது. சந்தோசம்."

"தலை எந்தப் பக்கம்?"

"என்ன?"

"படுக்கேக்கை."

"முன்பக்கம்."

"வடக்கை தலை வைக்கக் கூடாது."

"நான் போறதே வடக்கை."

சிரித்தாள். "அப்ப மாறிப் படுங்கோ." முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து வானைப் பார்த்தாள். "சின்னனையே எடுங்கோ. பெரிசெண்டால் நான் வருமட்டும் வாசலிலைதான் நிக்கும்."

சரியான கதை. நான் கேட்க நினைத்த கதை அதில்லை.

2.15. முற்பணம் கொடுத்தேன். அடுத்த சனி வந்து எடுப்பதாகப் பேச்சு. ஜெசிந்தா தேத்தண்ணி தந்தார்.

"அண்ணை, ஓடுறவருக்குப் பக்கத்துச் சீற்றைக் கழட்டிப்போட்டு அதிலை அலுமாரி பூட்டலாம். நானும் அப்பிடித்தான் ஓடினனான். விக்கிறதுக்கெண்டு திருப்பிச் சீற் போட்டது. அலுமாரி வீட்டுக்குள்ளை கிடக்கு, கொண்டுவந்து பூட்டி வைக்கட்டோ?"

"வேண்டாம். இருக்கட்டும்."

"சாமான் வைக்க இடம் காணாது."

"சாமான் கொஞ்சம்."

"அதிலை ஆர் இருக்கப் போகினம்?"

"ஒருத்தருமில்லை."

அவர் சீற்றிலிருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டார்.

மூன்று மணிக்கு ரெய்னர்ஸ் லேனில் ரெயில் ஏறினேன். தனியாகப் போகிறவர்களுக்கு ஜெசிந்தா சொன்னதுதான் சரி. சீற்றைக் கழற்றினால் இடம் கூடும், அப்படியே செய்யுங்கள். என் பாதை நீளம், இரண்டு பகல் ஓட்டம். படுக்க ஒராள் இடம் போதும். ஓடும்போது திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் எனக்கு ஒரு சீற் வேண்டும்.