ஒதுக்கமும் டிரான்சிட்டிவ் உறவும்

மழைக்காலம் வருகிறதென்றால் என் வலது தோள்தான் முதலில் சொல்லும். நேற்றும் சொன்னது. நோவெண்ணெய் எடுத்துத் தேய்த்தேன். அந்த மணம் என்னை அறைக்குள் இருக்க விடாது. நேரே கம்பஸ் முதலாம் வருடத்து டிஸ்கிரீட் மெத்ஸ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கணக்குக்கும் தோள் நோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கரவெட்டியில் நான் கணக்கில் சூரன் என்று பெயர். அந்தப் பெயரை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். 'இப்படியென்றால் அப்படி' என்ற கூற்றில் முதல் பாதி பொய்யானால் முழுக்கூற்றும் உண்மை என்று விரிவுரையாளர் முதல் கிழமையே எழுதினார். எனக்குத் தலை சுற்றியது. விளக்கிச் சொல்லக்கூடியவன் வகுப்பில் ஒருவன்தான் இருந்தான். அவனோடு கதைக்கக் கூடாது.

அவன் அந்தோனி, குருநகர்க் கடற்தொழில் குடும்பம். பின்னேரங்களில் சீனியர்கள் எங்களை மைதானத்தில் முழங்காலில் நிறுத்திப் பகிடிவதை செய்வார்கள். முதல் நாளே இவன், "நான் கோயில்லை மட்டும்தான் முழங்காலிலை நிப்பன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் ஒதுக்கம். அவனோடு கதைப்பவனும் ஒதுக்கம்.

எனக்கு அடியைவிட ஃபெயிலாவதில்தான் பயம் கூட. கன்ரீனுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியடியில் அவனைப் பிடித்துக் கேட்டேன். அவன் சொன்னான்:

"காத்து அடங்கினாக் கடலுக்குப் போவன் எண்டு அப்பா சொல்லுறார். காத்து அடங்கேல்லை. இனி அவர் போனாலும் போகாட்டிலும் பொய் சொன்னவரோ?"

"இல்லை."

"அவ்வளவுதான்ரா. இதுக்கோ முழுசிக்கொண்டு திரிஞ்சனி?"

அப்போதுதான் சீனியர்கள் ஐந்து பேர் வந்தார்கள். தாடி வைத்திருந்த ஒருவன்தான் தலைவன். அந்தோனியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்: "உவனோடை கதைச்சனி, இனி நீயும் ஒதுக்கம். உன்னோடை கதைக்கிறவனும் ஒதுக்கம். விளங்குதோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அந்தோனி சிரித்தான். "அப்ப அண்ணை, நீங்கள் இப்ப இவனோடை கதைச்சிட்டியள். நீங்களும் ஒதுக்கம். உங்களோடை கதைக்கிற எல்லாரும் ஒதுக்கம். இது டிரான்சிட்டிவ், ஒருத்தரிலை இருந்து அடுத்தவருக்குத் தொடர்ந்துகொண்டே போகும். பொழுதுபடமுன்னம் முழுக் கம்பஸும் ஒதுக்கம்."

நிறுவல் சரி. பதிலுக்கு அறை விழுந்தது. பிறகு பெல்ட், சப்பாத்து, ஹெல்மெட். அவன் உதடு பிளந்து சேட்டெல்லாம் இரத்தம். வலை இழுத்த கைகள் அவை, ஓங்கியிருந்தால் இரண்டு பேராவது விழுந்திருப்பார்கள். ஓங்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தனையையும் வாங்கினான். கைநீட்டினால் படிப்பு முடிந்தது என்று அனுமதி நாளிலேயே நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். மூத்தவனைக் கடல் கொண்டுபோன வீடு. இவனையாவது கரையில் வைத்திருக்கத் தாய்க்கு இருந்த ஒரே வழி அந்தப் படிப்புத்தான்.

தாடிக்காரன் ஹெல்மெட்டை என் பக்கம் திருப்பினான். தோளில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் கத்திக்கொண்டு விழுந்தேன்.

அந்தோனி கைகளை முன்னால் எடுத்தான். ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. தாடிக்காரனைத் தண்ணீர்த் தாங்கிச் சுவரோடு சாத்தி வைத்து அடித்தான், பல் தெறிக்கும்வரை. அதைப் பார்க்க எனக்கு இனித்தது. இப்போதும் இனிக்கிறது, அதில் எனக்கு வெட்கமில்லை.

விசாரணையில், கன்ரீன் நிறைய இருந்தவர்கள் ஒருவரும் எதையும் காணவில்லையாம். நான் மட்டும் மாக்கட்டுப் போட்ட கையோடு போய் நடந்ததைச் சொன்னேன். கூட்டாளி அப்படித்தான் சொல்லுவான் என்று முடித்துவிட்டார்கள். சீனியர்களுக்கு எச்சரிக்கை, அந்தோனிக்கு வாசல். சோதனை மண்டபத்தில் அவன் மேசையிலும் சுட்டெண் ஒட்டி வினாத்தாள் வைத்திருந்தார்கள். அடுத்த மேசையில் நான் இடக்கையால் எழுதினேன். அவன் தகப்பனோடு கடலுக்குப் போனான். நான் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் தாய் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு சொல் கதைக்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்த ஒதுக்கும் வழக்கம் இப்போது இல்லை. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த, அதே கம்பஸில் படித்த பிள்ளை அது ஒழிந்த கதையைச் சொன்னாள். முந்தி ஓர் அண்ணை டிரான்சிட்டிவ் என்று நிறுவிக் காட்டினவராம், சீனியர்மார் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டினவையாம். அதற்குப் பிறகு ஒதுக்கம் என்று எவன் வாய் திறந்தாலும் சிரிப்புத்தானாம்.

"அந்த அண்ணை ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தவராம்" என்றாள்.

"அவன் சோதினை எழுதவேயில்லை, பிள்ளை" என்றேன்.

"அது வேறை ஆராவது இருக்கும் அண்ணை" என்றாள்.