ரோட்டில் போகிறவர்களுக்குக் கட்டம் கட்டுகிறேன்

"அக்கா, இந்த வேலைக்கு மூளை அப்புறம்தான், கண்ணுதான் மொதல்ல" என்று எனக்கு முதலில் சொன்னவள் ஸ்டெல்லா. நான் சேர்ந்த அன்று காலை, பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு சொன்னாள். எங்கள் வேலை இதுதான். வண்டியின் முன்னால் கேமரா வைத்து எடுத்த ரோட்டுப் படங்கள் கம்ப்யூட்டரில் வரும். அதில் ஆள் இருந்தால் ஆளைச் சுற்றி ஒரு கட்டம், மாடு இருந்தால் மாட்டைச் சுற்றி ஒரு கட்டம். லாரி, ஆட்டோ, மரம் எதையும் விடக் கூடாது. கட்டம் கட்டியபின் அது இன்னதென்று குறிக்க வேண்டும். இப்படி நாங்கள் காட்டக் காட்டத்தான் மெஷினுக்கு ஆள் எது, மாடு எது என்று விளங்குமாம். நாளைக்குத் தானாக ஓடப்போகிற வண்டிகளுக்கு அதுதான் கண்ணாம்.

நான் பத்தாவது வரை படித்தவள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். பையன் வேலைக்கென்று ஓசூர் போய்விட்டான். அதற்கப்புறம்தான் இந்த வேலை வந்தது. எங்கள் அம்மா ஆயுசு முழுக்கக் குனிந்து நாற்று நட்டவர். எனக்கு ஆண்டவர் சுழலும் நாற்காலி கொடுத்தார், கழுத்தில் 'லூர்து மேரி' என்று என் பெயர் போட்ட அட்டையும் கொடுத்தார். அந்த நாற்காலி கையைவிட்டுப் போக இருந்ததைத்தான் சொல்ல வந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண் எரிகிற சகோதர சகோதரிகளே, இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

படிக்கட்டில் செருப்பு

செங்கல்பட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில்தான் கம்பெனி ஆரம்பித்தது. ஒரே ஹால். திறப்பு விழா அன்று பூஜைக்காக எல்லோரும் செருப்பை வெளியே விட்டோம், அதுவே பழக்கமாகிவிட்டது. கம்பெனி வளர்ந்த வேகம் எங்களுக்குச் செருப்பை வைத்துத்தான் தெரிந்தது. முதலில் கதவோரம் ஒரு வரிசை. அப்புறம் மேல் படி, நடுப் படி. திங்கட்கிழமைதோறும் புது முகங்கள் வரும், அவர்களுக்குக் கேக் வெட்டுவார்கள், செருப்பு இரண்டு படி கீழே இறங்கும். சாயங்காலம் ஆளாளுக்கு ஒற்றைச் செருப்போடு நின்று தேடுவோம்.

ஒருநாள் செருப்பு தெருவுக்கே வந்துவிட்டது. கீழ்க்கடைக்காரர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். வாசலில் நின்று எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாம்மா இது, கம்பெனியா, கோயிலா? குண்டா வாங்க வர்ற பொம்பளைங்க செருப்புக் கும்பலப் பாத்துட்டு, ஏதோ விசேஷம்னு அவங்களும் கழட்டி வுட்டுட்டு மேல வந்துகினு கீறாங்க!"

மெயிலில் வந்த பதவி

திவ்யா என் பெண்ணைவிட இரண்டு வயது சின்னவள். எனக்கு ரொம்பப் பின்னால் சேர்ந்தவள். தண்ணீர் எங்கே பிடிப்பது, எந்த ஃபேன் சுற்றாது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். மகளுக்கு வளைகாப்பு என்று லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஹாலுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு முளைத்திருந்தது. என் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். எனக்கு ஜன்னலோரம் கொடுத்திருந்தார்கள்.

வேகமாக வளர்கிற கம்பெனியில் லீவு போட்டவர்களுக்கெல்லாம் இந்த அனுபவம் இருக்கும். திரும்பி வந்தால் நாமே புதுசாகச் சேர்ந்த மாதிரி இருக்கும். திவ்யா கையைப் பிசைந்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். வளையலெல்லாம் நல்லா இருக்கும்மா என்றாள். பேத்தியா பேரனா என்று பார்ப்போம் என்றாள். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, நான்தான் இனிமே உங்க டீம் லீடாம். எனக்கே காலைல மெயில்லதான் தெரியும். கோச்சுக்காதீங்கம்மா."

நகராத யானைகள்

மாமல்லபுரம் ரோட்டில் எடுத்த படங்கள் வந்த வாரம் எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். கடல் தெரிகிறது, சவுக்குத் தோப்பு தெரிகிறது. சிற்பம் செதுக்குகிற கொட்டகைகள் வாசலில் கல் யானைகள், கல் நந்திகள் வரிசையாக நிற்கின்றன. எங்களுக்குக் கொடுத்த விதியில், நாலு கால், தலை, வால் இருந்தால் மிருகம் என்று போட்டிருந்தது. யானைக்கு மூன்றும் இருந்தன. நானும் ஸ்டெல்லாவும் ஒன்று விடாமல் கட்டம் கட்டி, மிருகம் என்று குறித்து அனுப்பினோம்.

அடுத்த வாரம் வாடிக்கையாளர் கம்பெனியின் இன்ஜினியர் வீடியோவில் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், குரலே உயர்த்த மாட்டார். அவர்களுடைய பரிசோதனை வண்டி அந்த ரோட்டில் கொட்டகைக்குக் கொட்டகை நின்று, யானை போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்ததாம். பின்னால் வந்த பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தாராம். திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டெல்லா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, எத்தனை படம் பார்த்தும் ஒரு யானைகூட ஒரு அடி நகரலீங்களே, உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலீங்களா?"

மாதாவுக்குக் கட்டம்

ரோட்டோரத்தில் ஒரு மாதா கெபி. சின்னதுதான், நீலக் கண்ணாடிக் கூண்டு, மேலே சீரியல் பல்பு. படத்தில் பார்த்ததும் என் கை மவுஸை விட்டுவிட்டு நெற்றிக்குப் போனது, சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன். ஆள் என்று குறிக்க முடியாது. மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. மிச்சமிருந்தது 'தடைப் பொருள்' ஒன்றுதான். மாதாவைப் போய்த் தடை என்று எப்படிக் குறிப்பேன்? மனசு வரவில்லை. கட்டமே கட்டாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மட்டும் அந்தக் கெபி நாலு படத்தில் வந்தது. நாலையும் விட்டேன்.

திருத்தத்துக்குத் திரும்பி வந்தன. திவ்யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காரணம் கேட்டாள். சொன்னேன். அவள் வீட்டில் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் என் சங்கடம் அவளுக்குப் புரிந்தது.

"அம்மா, நீங்க கட்டம் கட்டலன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு வண்டி நெனச்சுக்கும். அப்புறம் நேரா மாதா மேலயே ஏத்திரும். பரவால்லயா?"

ஆளுக்கொரு ஜெபம்

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மாடி போதவில்லை, கம்பெனி கடலோர ரோட்டில் பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகிறது. வேன் உண்டு, கேன்டீன் உண்டு. ஆனால் எல்லோருக்கும் அங்கே இடம் இல்லை. வேகப் பரீட்சை வைப்பார்கள், தேறியவர்களுக்கு மட்டும்தான் நாற்காலி. ஹாலிலேயே மெதுவான ஆள் நான்தான்.

மெதுவுக்குக் காரணம் எனக்குத் தெரியும். படத்தில் ஓர் ஆளைக் கண்டால், கட்டம் கட்டும்போதே "ஆண்டவரே, இவங்களப் பத்திரமா வீடு சேத்துடும்" என்று சொல்லிக்கொள்வேன். சைக்கிளில் போகிற பெரியவர், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், ஒருவரையும் விடமாட்டேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு படம் வந்தால் என் வேலை அவ்வளவுதான். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கேட்டுவிட்டு, "ரோட்ல போறவனுக்கெல்லாம் நீ ஜெபம் பண்ணு, ஒன் சீட்டுக்கு யாரு பண்றது?" என்றார். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாம் என்று பார்த்தால், ஜெபம் சொல்லாமல் கட்டிய கட்டம் ஒவ்வொன்றும், யாரையோ நடு ரோட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

கடைசியில் திவ்யாவிடமே சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன், சிரிக்கவில்லை.

"காலைல சிஸ்டம் ஆன் ஆக அவ்ளோ நேரம் ஆகுதுல்லம்மா, அப்பவே எல்லாருக்கும் சேத்துச் சொல்லிடுங்க. யார் யாருன்னு அவருக்குத் தெரியாதா?"

விட்டுப்போன ஆள்

பரீட்சை அன்று அப்படியே செய்தேன். திரை விழிக்கும்வரை கண்ணை மூடி, இன்றைக்கு என் முன்னால் வரப்போகிற அத்தனை பேரையும் மொத்தமாக ஒப்படைத்தேன். அப்புறம் கை ஓடியது ஓடியதுதான். அதிகாலையில் எடுத்த படங்கள், பனியும் இருட்டுமாக இருந்தன. ஆள், நாய், பால் வண்டி, ஆள். மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன். முடிவு சொல்லும் வரை ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திவ்யா வந்தாள். ஒரே ஓர் ஆளை விட்டால் மன்னிப்பு, இரண்டானால் இல்லை. நான் சரியாக ஒருவரை விட்டிருக்கிறேன், தேறிவிட்டேன் என்றாள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளை நான் விடவே மாட்டேன், காட்டு என்றேன். காட்டினாள். ஒரு பஸ் நிறுத்தம், பக்கத்தில் புளியமரம். "அது மர நிழல்மா" என்றேன். படத்தைப் பெரிதாக்கினாள். நிழலுக்குள் கரும்பச்சைச் சேலையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எல்லாப் படத்திலும் செய்கிற மாதிரி முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கையில் வயர் கூடை, மஞ்சளும் சிவப்பும், ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் கறுப்பு வயரில் கட்டியது.

நான் மெதுவாகக் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். அதே கூடை, அதே கறுப்புக் கைப்பிடி. தினமும் நான் பஸ் ஏறுகிற நிறுத்தம் அது. கேமரா வண்டி எப்போதோ என்னைக் கடந்து போயிருக்கிறது. பின்னாலிருந்து ஸ்டெல்லாதான் ஆரம்பித்தாள்.

"ஊர்ல கீற அத்தினி பேருக்கும் கட்டம் கட்ன, ஒன்ன மட்டும் மரம்னு வுட்டுட்டியேக்கா!"

இப்போது கடலோரக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், செருப்பு காலிலேயே இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் மெஷினுக்கு அடையாளம் காட்டிவிட்டு, படத்தில் நம்மையே நமக்குத் தெரியாமல் போகிற வேலை இது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: விடியற்காலையில் ரோட்டோரம் நிற்கும்போது, வெள்ளையாக ஒரு துண்டையாவது தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.