கைசரின் கழுத்துப்பட்டை

செயலியில் சுகிர்தபாயைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "பராமரிப்பாளர். தினமும் ஓடுபவர். புதிய கருவிகளில் ஆர்வம் மிக்கவர்." நிரப்பியது அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகன் சிபி. சுகிர்தபாய் கடைசியாக ஓடியது பாறசாலையில், நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்க. பஸ் போய்விட்டது.

போன வருடம் வீட்டு நாய் கைசர் மயங்கி விழுந்தது. இதயம் கொஞ்சம் பலவீனம் என்றார் மிருக டாக்டர். சுகிர்தபாய் தினமும் பாளையங்கோட்டன் வாழைப்பழத்துக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தாள். சிபி ஒரு பட்டை அனுப்பினான். நாயின் துடிப்பு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் அளந்து, அம்மாவின் போனிலுள்ள அந்தச் செயலி வழியாக அது அயர்லாந்துக்குச் சொல்லும். போன் நாயின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிபி கூப்பிட்டால் எடுக்க, அம்மா போனின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே கைசர் இஷ்டம்போல ரப்பர் மரங்களின் மூட்டில் திரிந்தது. சுகிர்தபாய் பின்னால் போனாள்.

ஒருமுறை போனை நாய்க்கூட்டின் மேல் வைத்துவிட்டுக் குளத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். சிபி கூப்பிட்டு யாரும் எடுக்காததால், பக்கத்து வீட்டு சஜியை அனுப்பினான். சஜி மதிலேறிக் குதித்தார். கைசர் அவரைக் கடித்தது. அந்த நேரத்து நாயின் இதயத் துடிப்பு மிக நன்றாக இருந்ததாம். அதற்குப் பிறகு சுகிர்தபாய் எங்கும் போகவில்லை. ஆராதனையைக்கூட போனில்தான் பார்த்தாள்.

சபையின் அசனம் வந்தது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. முந்தின நாள் பெண்கள் கூடிக் காய் வெட்டும்போதுதான் ஒரு வருடத்து ஊர்ச்சங்கதியும் வெட்டுப்படும். கல்யாணமாகி வந்த நாள் முதல் பூசணிக்காய் அவள் பொறுப்பு. இந்தத் தடவை அவள் போகாவிட்டால் அந்த இடத்தில் லீலாபாய் உட்காருவாள், பிறகு எழுந்திருக்கமாட்டாள்.

மகனிடம் கேட்டாள்.

"நாய் ஒத்தைக்குக் கிடக்குமே அம்மா."

"அது ஒத்தைக்குத்தான் கிடக்கு மக்கா. நானாக்கும் அதுக்கக் கூடக் கிடக்கேன்."

ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னான் சிபி.

காய் வெட்டும் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"மக்கா, பட்டையக் களத்தப்போறேன். நாய் செத்துதுண்ணு அதுல காட்டும். சாவல்ல. சஜிய மதில் சாட விடாத."

பட்டையையும் போனையும் அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். மாத்திரைப் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கைசரைக் கயிற்றில் பிடித்தபடி பூசணிக்காய் வெட்டப் போனாள்.