கரடிக்குள் இருந்தவன்

என் தையல் கடைக்கு எதிரே ஒரு மெத்தைக் கடை. அதன் வாசலில் காலையிலிருந்து கடை சாத்தும்வரை ஒரு பழுப்புக் கரடி ஆடிக்கொண்டிருக்கும். கரடி என்றால் நிஜக் கரடியா? தடித்த ரோமத் துணிக்குள் ஒரு மனிதன். தெருவே அவனைக் கரடி என்றுதான் கூப்பிட்டது. உடையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனாலும், "கரடிக்கு ஒரு டீ" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பான்.

கரடியின் தையல் விட்டுப்போனால் என்னிடம்தான் வரும். அப்படித்தான் பழக்கம். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் ஒருவர் பேருக்கு உண்டு. அவர் வீட்டு விசேஷத்துக்கு இவனைக் கூப்பிடவில்லை.

"வந்தா, என்ன வேலை பாக்குறேன்னு நாலு பேரு கேப்பாங்களாம்க்கா. அண்ணி சொன்னாங்க" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்ல அண்ணி வாய்ச்சாடா உனக்கு!" என்று கத்தரிக்கோலை டொப்பென்று வைத்தேன்.

ஒண்டிக்கட்டை. மாடியில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. ஞாயிறு முழுக்க வாய் திறக்க ஆளில்லாமல், திங்கள் காலை பேசும்போது தொண்டை கரகரக்கும் என்பான்.

ஆனால் கரடித் தலைக்குள் உதடு அசைவது வெளியே தெரியாது. அந்த இருட்டில், வியர்வை கண்ணில் இறங்க, அவன் கடவுளிடம் பேசிக்கொண்டே இருப்பான்.

"ஆடிக்கிட்டே சாமி கும்பிடுறியா? கரடி விடாதேடா."

"கரடி வேற என்னக்கா விடும்?"

அவனுக்கு இன்னோர் ஆளும் உண்டு. சாயங்காலம் அம்மாவோடு பஸ் நிறுத்தத்துக்குப் போகும் ஒரு சிறுமி. ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, "நீதான் என் கரடி" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக நாள் முழுக்கக் காத்திருப்பான். "அவளுக்கு என்னைத் தெரியும்க்கா. உள்ள வேற ஆளு இருந்தா கண்டுபிடிச்சிடுவா" என்பான். அந்த நம்பிக்கையில்தான் அவன் பிழைப்பே ஓடியது.

ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டான். நான் மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு சரி, வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தெளிந்து ஒரு சாயங்காலம் வந்தால், வாசலில் கரடி ஆடிக்கொண்டிருக்கிறது! முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி மனுஷன்.

அந்த நேரம் பார்த்துச் சிறுமி வந்தாள். இவன் சொந்த முகத்தோடு வழியில் நின்று சிரித்தான். யாரோ என்று அம்மாக்காரி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடி, அந்தக் கரடியின் காலைக் கட்டிக்கொண்டது. "நீதான் என் கரடி."

அவன் முகம் செத்துப்போயிற்று. கூப்பிட்டேன். காதில் விழவில்லை. தெருக்கோடியில் இருக்கும் பிரார்த்தனைக் கூடத்துக்குள் போய்விட்டான்.

அங்கே நடந்ததைப் பிறகு அவனே சொன்னான். முகத்தில் காற்றுப் படக் கடவுளிடம் பேசிப் பழக்கமில்லாததால் கூச்சமாக இருந்ததாம். "கடவுளே, நான்தான் கரடி" என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கரடி அங்கே கடை வாசலில் ஆடிக்கொண்டிருக்கிறதே! அப்படியானால் இங்கே உட்கார்ந்திருப்பது யார்? ஆள் இல்லாத பெஞ்சில் விக்கி விக்கி அழுதான். அழுது ஓய்ந்தபின் வெறுமனே "நான்" என்றானாம். அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லையாம்.

புது ஆள் உடையின் புழுக்கம் தாங்காமல் ஓடிவிட்டான். முதலாளி இவனையே திரும்பக் கூப்பிட்டார். கழுத்துத் தையல் விட்டிருந்ததால் கரடித் தலையை என்னிடம் தூக்கிவந்தான்.

"வெக்கமா இல்லையாடா? உன்னை மதிக்காத கரடிக்குள்ளயே மறுபடி போய் நுழையுறியே!" என்று எரிந்து விழுந்தேன்.

"வயிறுன்னு ஒண்ணு இருக்கேக்கா." கரடித் தலையின் ரோமத்தை நீவிவிட்டான். "ஊரு பூரா வெளிய நின்னு பாத்துச்சு. சாமி மட்டும்தான் என்கூட உள்ள இருந்தாரு. அவருக்கு இந்தக் கரடியைத் தெரியவே தெரியாதுக்கா. என்னைத்தான் தெரியும்."

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். கண் கரித்தது. அவன் தலையை வாங்கி மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தான்.

சாயங்காலம் சிறுமி ஓடிவந்து, "நீதான் என் கரடி" என்றாள். அவன் குனிந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.